கஞ்சியும் கூழும்: ஒரே சட்டியில் வீடு முழுக்கப் பசியாற – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லும் அளவெல்லாம் 200 மில்லி பிடிக்கும் டம்ளர் கணக்கு. பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கூடினால் தானியத்தையும் கூட்டுங்கள். தண்ணீரை மட்டும் ஊற்றிச் சமாளித்துத்தான் கஞ்சிக்குக் கெட்ட பெயர் வந்தது.

கஞ்சி என்றாலே "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்கிறார்கள். ஆசையாகச் சாப்பிட வைப்பது எப்படி?

காய்ச்சலில் படுத்தவருக்கு வைக்கும் கஞ்சியில் உப்பு பாதிதான் இருக்கும், தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதையே நன்றாக இருப்பவர்களுக்கும் ஊற்றினால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

கஞ்சிக்குத் தனியாகச் சுவை குறைவு. அது தொடுகறியைத் தாங்கிப் பிடிக்கிற சாப்பாடு. உறைப்பு, புளிப்பு, மொறுமொறுப்பு இந்த மூன்றில் குறைந்தது இரண்டு தட்டின் ஓரத்தில் இருக்க வேண்டும். மோர்மிளகாயும் கீறி உப்பில் ஊறிய மாங்காயும் இருந்தால் போதும், இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்கள். தேங்காய்த் துவையல், பருப்புத் துவையல், கொள்ளுத் துவையல், வறுத்த கொத்தவரங்காய் வத்தல், சுண்டவத்தல், சுட்ட அப்பளம், உரித்த சின்ன வெங்காயம், முந்தின நாள் மீந்த மீன் குழம்பு, சுட்ட கருவாடு என்று எதுவும் ஆகும். என்னைக் கேட்டால் கஞ்சிச் சட்டிக்குள் முந்திரியும் ஏலக்காயும் போடுகிற காசைத் தொடுகறிக்குச் செலவழிப்பது மேல்.

பிறகு பச்சை வாடை. மாவுக் கஞ்சியில் முக்கால்வாசிப் புகார் இதுதான். மாவை வறுக்காமலோ, கொதி வந்ததும் இறக்கியோ வைத்தால் அந்த வாடை போகாது. கொதித்த பிறகும் சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் கிண்டினால்தான் மாவு வெந்து பளபளப்பு ஏறும்.

செலவை எங்கே குறைக்கலாம்?

முதலில் நொய். ஆலையில் உடைந்துபோன அரிசிதான் நொய் அல்லது குருணை. முழு அரிசியைவிட விலை குறைவு, கஞ்சிக்கு முழு அரிசியைவிடப் பொருத்தம். சீக்கிரம் வேகும், கடையவும் வேண்டாம். அரிசி மண்டியில் கேட்டால் கொடுப்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தால் பாக்கெட்டில் போட்டு விலையை ஏற்றியிருப்பார்கள்.

அடுத்தது ரேஷன் புழுங்கலரிசி. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் இலவசமாகவே கிடைக்கிறது. சோறாக்கினால் குறை சொல்பவர்கள்கூடக் கஞ்சியில் கண்டுபிடிக்க முடியாது. கழுவி, துணியில் பரப்பி உலர்த்தி, வாணலியில் லேசாகச் சூடு ஏற்றி, மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் வீட்டு நொய் தயார். சலித்தால் கீழே விழும் மாவை வீசாதீர்கள், கஞ்சி கெட்டிப்பட அது உதவும்.

மூன்றாவது, மாவாக வாங்காமல் தானியமாக வாங்குவது. கேழ்வரகு இரண்டு கிலோ வாங்கிக் கழுவி, காயவைத்து, தெரு மாவு மில்லில் கொடுத்தால் அரைவைக் கூலி சேர்த்தும் பாக்கெட் மாவைவிடக் குறைவாகத்தான் வரும். தூசு, கல் எவ்வளவு போயிற்று என்பதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கேழ்வரகு கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்கான கால் கிலோ மாவு பன்னிரண்டரை ரூபாய். அதனோடு அரை டம்ளர் நொய், ஒரு சொம்பு மோர், ஒரு கை வெங்காயம். இன்றைக்கு ஒருவர் டீக்கடையில் டீயும் வடையும் சாப்பிடும் காசை ஒட்டித்தான் மொத்தமும் வந்து நிற்கும்.

சிறுதானியம் எல்லாமே மலிவுதானே?

இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் பேச்சு கூடியது, கடைகளில் அவற்றுக்கான அடுக்கும் கூடியது. ஆனால் வரகு, சாமை, தினை, குதிரைவாலி நான்கும் பெரும்பாலான ஊர்களில் சாப்பாட்டு அரிசியைவிட விலை அதிகம். அவற்றின் உமியை நீக்குவது சிரமம், சேதாரமும் உண்டு. கேழ்வரகுக்கும் கம்புக்கும் அந்த வேலை இல்லை என்பதால்தான் அவை இன்னும் கைக்கு எட்டுகிற விலையில் இருக்கின்றன. செலவைப் பார்த்துக் கஞ்சி வைக்கிறவர் இந்த இரண்டோடும் சோளத்தோடும் நின்றால் போதும். நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023இல் ரேஷன் கடையிலேயே இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். அங்கே இருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டாம்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் வேறு நிறத்தில் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசியா?

பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்து அரிசி மணி போலவே அச்சில் வார்த்து, நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலக்கிறார்கள். மாவில் செய்தது என்பதால் சில மணிகள் மிதக்கும், கொஞ்சம் வெளிறியோ மஞ்சளாகவோ தெரியும். பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள். நாலு தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவவும் வேண்டாம், இரண்டு தண்ணீர் போதும். கஞ்சியில் வடிப்பது கிடையாது, சத்து சட்டியிலேயே நிற்கும். தலசீமியா போன்ற இரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை வைக்கிறேன். எதில் தொடங்கலாம்?

நொய்யும் பாசிப்பருப்பும் சேர்ந்த கஞ்சியில் தொடங்குங்கள், முதல் முறை வைப்பவரும் அதைச் சொதப்ப முடியாது.

நொய் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர். பருப்பை மட்டும் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழுவிக் குக்கரில் போட்டு, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் சீரகம், பத்துப் பல் பூண்டு, ஐந்து டம்ளர் தண்ணீர். சின்னக் குக்கரில் இதற்குமேல் ஊற்றினால் பொங்கி விசில் வழியாக வந்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பொங்குவது குறையும். நாலு விசில், தானாக அடங்கட்டும். திறந்து கரண்டியால் மசித்து, இன்னும் மூன்று டம்ளர் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு ஒரு கொதி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கஞ்சி வேறாகவும் தண்ணீர் வேறாகவும் பிரிந்து நிற்கும், சுவையும் போய்விடும்.

தேங்காய் இருந்தால் அரை மூடியைத் துருவி அரைத்துக் கடைசியில் சேர்க்கலாம். விலை ஏறியிருக்கும் மாதங்களில் தேங்காயை விட்டுவிட்டு, கறிவேப்பிலையும் நசுக்கிய மிளகும் தாளித்துக் கொட்டினாலே மணக்கும். ஆறினால் இறுகும் என்பதால் இறக்கும்போது நீங்கள் நினைப்பதைவிட இளக்கமாகவே இறக்குங்கள்.

கைக்குழந்தையும் இருக்கிறது, பல் இல்லாத பாட்டியும் இருக்கிறார். தனித்தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம், எதை எப்போது எடுப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும். குக்கரைத் திறந்து மசித்தவுடன், உப்புப் போடும் முன்னால், குழந்தைக்கான கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத்தான் இது, அதற்கு முன் தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்காமல், அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டுக் குழைத்து, கரண்டியில் இருந்து ஒழுகாமல் மெல்ல விழும் கெட்டியில் கொடுக்க வேண்டும். தண்ணீராகக் கொடுத்தால் சின்ன வயிறு நிரம்பிவிடும், சத்து சேராது. பாட்டில் வேண்டாம், கிண்ணமும் கரண்டியும்தான்.

பிறகு உப்புப் போட்டுப் பாட்டிக்கு எடுங்கள், பூண்டையும் நசுக்கிவிடுங்கள். அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தால் ஊறுகாய், அப்பளம், கருவாட்டுப் பக்கம் போகாமல் துவையல் வையுங்கள். கடைசியில் தாளிப்பைக் கொட்டினால் மற்றவர்களுக்கு ஆயிற்று. இனிப்புக் கேட்கும் பிள்ளைக்கு அதே கஞ்சியில் வெல்லப் பாகு ஊற்றிக் கொடுக்கலாம், அதற்காக மட்டும் பூண்டு இல்லாமல் வைக்க நேரும். மாட்டுப்பால் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்துச் சூடு தணிந்த பிறகே வெல்லம் விடுங்கள், கொதிக்கையில் விட்டால் பால் திரியும்.

கேழ்வரகுக் கூழ் ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் ஊற்றுகிற சுவையில் வர என்ன செய்ய வேண்டும்?

இரண்டு நாள் பொறுமை வேண்டும். கோயில் கூழின் சுவை புளிப்பில் இருக்கிறது. அவசரக் கூழில் எலுமிச்சையோ தயிரோ விட்டு அந்தப் புளிப்பைக் கொண்டுவர முடியாது.

ஞாயிறு காலையில் கூழ் வேண்டுமென்றால் வெள்ளி இரவு தொடங்குங்கள். ஒன்றரை டம்ளர் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து மூடி வையுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் மேலே சின்னச் சின்னக் குமிழி வந்து புளித்த மணம் வீசும். மார்கழிக் குளிரிலோ மலையூர்களிலோ இன்னும் நேரம் எடுக்கும், முந்தின கூழில் ஒரு கரண்டி கலந்துவிட்டால் சீக்கிரம் புளிக்கும்.

சனி மாலை அரை டம்ளர் நொய்யை ஐந்து டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். நொய் வெந்த பிறகுதான் மாவு போக வேண்டும். மாவு போய்விட்டால் அப்புறம் நொய் வேகாது, கூழில் நறநறவென்று நிற்கும். தீயைக் குறைத்து, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பைப் போட்டுக் கிண்டுங்கள். இந்த இடத்தில் இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறம் கறுத்து, மினுமினுப்பு வந்து, சட்டியை விட்டு விலகும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேக வேண்டும்.

உப்புப் போட்டு இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டு மூடிவிடுங்கள். ஞாயிறு காலையில் உருண்டையையும் அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தையும் எடுத்து, கையாலேயே கரைத்து, கெட்டி மோர், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. மிக்ஸியில் அடித்தால் வழவழப்பாகிவிடும், நொய் பல்லில் படுகிற சுகமும் போய்விடும்.

ஆற்காடு, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்கு முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் வைப்பார்கள். சென்னையில் சித்திரை வெயிலுக்குத் தள்ளுவண்டிக்காரர்கள் சொம்பில் ஊற்றிக் கொடுக்கும்போது வத்தல், மோர்மிளகாய், மாங்காய் என்று தட்டு நிறையச் சுற்றி வைத்திருப்பார்கள். கூட்டம் கூடுகிற வண்டி எது என்பதைக் கூழைவிட அந்தத் தட்டுத்தான் தீர்மானிக்கிறது.

சத்துக் கணக்கும் சொல்லிவிடலாம்: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு. அரிசியில் பத்துச் சொச்சம்தான். புளிக்கவைப்பதால் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் குறைகிறது, அது பிடித்து வைத்திருக்கும் தாதுக்கள் உடம்பில் சேர வழி கிடைக்கிறது. கூடவே கடிக்கும் மாங்காயின் வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும்.

கம்பங்கூழ் கசக்கிறது. கம்பு சரியில்லையா?

கம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும், மாவு பழையதாகியிருக்கும். தானியங்களில் கம்புக்கு எண்ணெய்ப் பசை கொஞ்சம் அதிகம், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில். அரைத்தவுடன் அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் காறத் தொடங்கும். கடையில் எத்தனை நாளாகத் தொங்கியதோ தெரியாத கம்பு மாவு பாக்கெட்டை வாங்காமல் இருப்பதே நல்லது. முழுக் கம்பு மாதக் கணக்கில் இருக்கும். ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள்.

உரலில் குத்துவதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம்: கம்பின்மேல் தண்ணீர் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் விட்டு, மிக்ஸியில் பல்ஸ் விசையில் நாலைந்து முறை. மேல்தோல் கழன்றுவிடும், முறத்தில் புடைத்தால் பறந்துபோகும். முறம் இல்லாதவர்கள் மின்விசிறிக்கு எதிரே தட்டில் தூக்கிப் போட்டுப் பிடிக்கலாம், வீட்டுக்குள் செய்ய வேண்டாம். தோல் போன கம்பை ரவைப் பதத்துக்கு உடைத்து, ஒன்றுக்கு ஐந்து தண்ணீரில், அடிக்கடி கிண்டி அரை மணி நேரம் வேகவிடுங்கள். ஆறினதும் உருண்டை, தண்ணீர், மறுநாள் மோர் என்று மற்றதெல்லாம் கேழ்வரகுக் கூழ் போலத்தான்.

மண்பானை வேண்டுமா?

கூழ் ஊறவைக்க நல்லது, தண்ணீர் கசிந்து குளிர்ச்சியாக வைக்கும். இல்லாவிட்டால் எவர்சில்வர். அலுமினியத்தில் புளித்ததை வைக்காதீர்கள்.

இரவெல்லாம் வெளியே வைத்துச் சாப்பிடுவது ஆபத்தில்லையா?

புளித்ததும் கெட்டதும் ஒன்றல்ல. நல்ல புளிப்பில் மோர் மணம் இருக்கும், தண்ணீர் கலங்கலாக இருக்கும். நூல் விட்டால், பூசணம் பூத்தால், மூக்கைப் பிடிக்கும் நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வெந்த சோற்றையோ நொய்யையோ தண்ணீர் ஊற்றாமல் சூட்டோடு மூடிவைப்பதுதான் ஆபத்து. வேகவைத்தாலும் சாகாத சில கிருமி வித்துகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைக் கக்கும். திரும்பச் சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சீக்கிரம் ஆறவைத்து, சுத்தமான தண்ணீரில் முழுக மூழ்கும்படி வைத்து, மறுநாள் மதியத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். கோடையில் ஒரு நாளுக்குமேல் போனால் ஃபிரிட்ஜ். தேங்காய்ப் பால் சேர்த்த கஞ்சியை ஒருபோதும் இரவு வெளியே வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கும், கீமோ சிகிச்சை எடுப்பவர்களுக்கும் புளிக்கவைத்தது வேண்டாம், அப்போதைக்கப்போது காய்ச்சியதே சரி.

சத்துமாவை வீட்டிலேயே செய்ய முடியுமா? எத்தனை பொருள் சேர்க்க வேண்டும்?

ஐந்து போதும். "32 வகைத் தானியம்" என்று அட்டையில் போட்டு விற்பதில் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேழ்வரகு அரைக் கிலோ, கோதுமை கால் கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ, நிலக்கடலை 100 கிராம். வாசத்துக்குச் சுக்கு ஒரு துண்டு. தானியத்துக்கும் பருப்புக்கும் மூன்றுக்கு இரண்டு என்று விகிதம் இருப்பதால், ஒன்றில் குறையும் புரதக்கூறு மற்றதில் நிறைகிறது. பாதாமும் பிஸ்தாவும் விலையைக் கூட்டும், நிலக்கடலை செய்யாத வேலை எதையும் அவை இங்கே செய்துவிடாது.

கேழ்வரகை முளைகட்டுவது இதில் மிகப் பயனுள்ள வேலை. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றரை நாளில் முளை தலைகாட்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, வாணலியில் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகும். அது மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் இந்த மாவில் காய்ச்சும் கஞ்சி அவ்வளவாக இறுகாது, அதே இளக்கத்தில் கூடுதல் மாவு போட முடியும். குறைவாகச் சாப்பிடும் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. முளை மாவில் கொஞ்சத்தைத் தனியாக, வறுக்காமல் எடுத்து வைத்தால், கெட்டியாகிப்போன எந்தக் கஞ்சியையும் இளக்க அரை ஸ்பூன் போதும்: கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போது கலந்து, இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டுவிடுங்கள்.

நிலக்கடலையை மட்டும் மில்லுக்குக் கொடுக்காதீர்கள், எண்ணெய் விட்டு மாவு கட்டிக்கொள்ளும். வீட்டில் வறுத்து, பொட்டுக்கடலை கொஞ்சம் சேர்த்துப் பொடித்துக் கலந்துகொள்ளலாம். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் இருக்கும். குழந்தைக்கு முதல் முறை கொடுக்கும்போது நிலக்கடலை இல்லாமல் தொடங்கி, பிறகு தனியாகக் கொஞ்சம் கொடுத்து ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவைப் பலர் வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள். நன்றாக வறுத்து, கஞ்சியாகக் காய்ச்சாமல் வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டுக் கொழுக்கட்டை பிடித்து ஆவியில் வைத்தால் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

சர்க்கரை நோய்க்காரர் கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்கிறார்களே?

கூடாது. கேழ்வரகிலும் நூற்றுக்கு எழுபது பங்குக்கு அருகில் மாவுச்சத்துதான். நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, மடக்மடக்கென்று குடிக்கும் எந்தக் கஞ்சியும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ரவையாக உடைத்த தானியம், பாதிக்குப் பாதி பயறோ கொள்ளோ, கூடவே கீரைப் பொரியல், ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வது என்று இருந்தால் தாக்குப் பிடிக்கலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும்.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியின் மணம் வீட்டில் வருவதில்லையே?

பெரிய தேக்சாவில் மணிக்கணக்கில் வேகிற கஞ்சி அது. ரமலான் மாதத்துக்கு அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிற ஊர் தமிழ்நாடு. மாலையில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். முழுதாக அந்த மணம் வராவிட்டாலும் கிட்டத்தட்ட வரவைக்கலாம்.

பச்சரிசி நொய் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், மூன்றையும் அரை மணி ஊறவையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஒரு துண்டு ரம்பை இலை. அடுத்து வெங்காயம் இரண்டு, நன்றாகச் சிவக்க வேண்டும். இஞ்சிபூண்டு விழுது இரண்டு ஸ்பூனைப் பச்சை வாடை போகும்வரை வதக்குங்கள். தக்காளி, பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி மல்லி, மஞ்சள்தூள். கையில் காசு இருந்தால் 100 கிராம் கொத்துக்கறி, இல்லாவிட்டால் பொடியாக நறுக்கிய கேரட். ஊறியதைப் போட்டு எட்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பெரிய குக்கரில் பாதிக்குமேல் போகாமல் பார்த்து, ஐந்து விசில். மசித்து, ஒரு டம்ளர் தேங்காய்ப் பால் ஊற்றி, கொதிக்கவிடாமல் சூடேற்றி இறக்கிவிடுங்கள்.

வீட்டில் மணம் வராததற்கு இரண்டு காரணம்தான் நான் பார்த்தவரை: வெந்தயத்தைக் குறைத்துவிடுகிறார்கள், புதினாவை வதக்காமல் கடைசியில் தூவுகிறார்கள்.

உளுந்தங்கஞ்சிக்கு அளவு?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பது. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை டம்ளர், நொய் அரை டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், பூண்டு பதினைந்து பல், சுக்கு, ஆறு டம்ளர் தண்ணீர். வெந்த பிறகு, தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டிய கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்க்க வேண்டும். உளுந்தை வறுத்துப் போட்டால் கொழகொழப்புக் குறையும். ஆண்பிள்ளைகளுக்கு ஆகாது என்பதெல்லாம் வெறும் பேச்சு, எல்லோருக்கும் ஊற்றுங்கள்.

காசே செலவில்லாமல் கஞ்சிக்குள் கீரை சேர்க்க வழி உண்டா?

இலங்கையில் காலையில் குடிக்கும் இலைக்கஞ்சி அதற்கென்றே இருக்கிறது. சிவப்புப் பச்சரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரையோ முருங்கையிலையோ முசுமுசுக்கையோ வேலியில் கிடைத்ததை அரைத்துச் சாறு பிழிந்து, தேங்காய்ப் பாலோடு கடைசியில் சேர்ப்பார்கள். சாறு ஊற்றியதும் ஒரு கொதியோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும், தாண்டினால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிக் கசக்கும். ஒரு கடி பனங்கட்டி, ஒரு வாய் கஞ்சி என்று குடித்தால் கீரை வேண்டாம் என்கிற பிள்ளையும் குடித்துவிடும்.

ஓட்ஸ் போடலாமா?

போடலாம், கொழுப்பைக் குறைக்கும் நார்ச்சத்து அதில் உண்டு. மலிவும் இல்லை, நம் தொடுகறிகளோடு அவ்வளவாகச் சேருவதும் இல்லை.

கேஸ் அதிகமாகச் செலவாகிறது.

ஊறவையுங்கள். நொய்யும் பருப்பும் ஒரு மணி நேரம் ஊறினால் வேகும் நேரம் பாதியாகும். குக்கரில் இரண்டு விசில் வந்ததும் அணைத்து, ஒரு கனமான துண்டைச் சுற்றி முக்கால் மணி விட்டுவிட்டால் மீதி வேக்காடு தானாக நடக்கும்.

மீந்துபோனால் என்ன செய்வது?

மோர் ஊற்றாத கேழ்வரகுக் கூழ் உருண்டை ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் இருக்கும். தண்ணீரை மட்டும் தினம் மாற்றுங்கள். நொய்க்கஞ்சி மீந்தால் அரிசி மாவும் வெங்காயமும் மிளகாயும் கலந்து தோசைக்கல்லில் அடையாகத் தட்டலாம்.

வெயில் காலமாக இருந்தால் கூழ் வடகம். தேங்காயும் மோரும் சேராத கெட்டிக் கஞ்சியோடு பச்சை மிளகாய், சீரகம், உப்பு, பெருங்காயம் அரைத்துக் கலந்து, மொட்டை மாடியில் ஈர வேட்டியை விரித்து ஸ்பூனால் சின்னச் சின்னதாக ஊற்றிவிடுங்கள். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், காயக் காய உப்புக் கூடித் தெரியும். மறுநாள் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் கிழியாமல் உரிந்து வரும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு வெயில், ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். மழைக்காலத்துக் கஞ்சிக்குப் பொரித்துக்கொள்ளலாம்.